லோரன்ஸ் இங்கிலீசு சொன்ன கல்யாணங்கள்

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில், உலகத்தின் கால்வாசியை ஆண்டுகொண்டிருந்த இங்கிலீசு பாஷை, கண்டி மஹய்யாவவை ஆள்வதற்கு ஒரே ஓர் ஆளைத்தான் நியமித்திருந்தது. அவர் பெயர் லோரன்ஸ். சம்பளம் கிடையாது. கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் ஒரு கதிரை, கேக்கில் ஒரு துண்டு கூடுதல். இந்த உத்தியோகத்தில் அவர் கண்ட வருமானம் அவ்வளவுதான்.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் டவுனில் சாஹுல் ஹமீது முதலாளியின் துணிக்கடையில் தொப்பிப் பகுதியைப் பார்த்துக்கொண்டார். துரைமார் வந்தால் முதலாளி சிரிப்பார், லோரன்ஸ் பேசுவார். சிரிப்பும் பேச்சும் சேர்ந்து தொப்பியை விற்றுவிடும்.

ஆனால் அவருடைய உண்மையான மகிமை கல்யாணங்களில்தான் வெளிப்பட்டது. கேக் வெட்டி, சின்னச் சின்னக் கிளாஸ்களில் வைன் ஊற்றியானதும் லோரன்ஸ் எழும்புவார். கோட்டின் நடுப் பொத்தானைப் போடுவார். தொண்டையைச் செருமுவார். பிறகு இங்கிலீசு சொல்வார். பெரிய இடத்து ஆட்கள் இந்த வழக்கத்துக்கு வேறு பெயர் வைத்திருக்கலாம். மஹய்யாவவில் 'இங்கிலீசு சொல்றது' என்றே பெயர். வேதக்காரர் வீடுகளில் தொடங்கிய வழக்கம் மெல்ல அடுத்த வீட்டுக்கும் நடந்து போயிற்று. சைவக் கல்யாணங்களில் தாலி கட்டுறது, இங்கிலீசு சொல்றது, சாப்பாடு என்று வரிசை ஏற்பட்டது. சாஹுல் ஹமீது முதலாளி தம் மகள் றம்லத்தின் நிக்காஹ்வில், வைனுக்குப் பதிலாக சர்பத்தை வைத்து, லோரன்ஸை எழுப்பிவிட்டார்.

ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. அதனால் ஒரு குறையும் இருக்கவில்லை. பாதிரியார் லத்தீனில் சொன்னார், ஐயர் சமஸ்கிருதத்தில் சொன்னார், லெப்பை அரபியில் ஓதினார். அவையெல்லாம் மேல் உலகத்தோடு பேசுகிற பாஷைகள். கீழ் உலகத்தில் இருக்கிற கந்தோர், கோர்ட்டு, பேங்கு, போலீசு ஆகியவற்றின் ஆசீர்வாதத்தைக் கேட்பதற்கும் ஒரு பாஷை வேண்டாமா?

பலனும் கண்கூடாகத் தெரிந்தது. இருளப்பன் கல்யாணத்தன்று லோரன்ஸ் காய்ச்சலில் கிடந்தார். மாதம் முடிவதற்குள் இருளப்பன் பெண்சாதி அம்பிட்டியவிலிருக்கும் தாய் வீட்டுக்குப் பெட்டியோடு போய்விட்டாள். இருளப்பன் சாராயம் குடித்துவிட்டுத் தட்டுமுட்டை உடைத்ததும் ஒரு காரணம் என்று சிலர் சொன்னார்கள். லைன் வீடுகளுக்கெல்லாம் நியாயம் சொல்கிற பேச்சியம்மா அதை ஏற்கவில்லை.

"குடிக்காத ஆம்பள யாருடி இங்க? இங்கிலீசு சொல்லாமக் கட்டுன தாலி எப்படி நிக்கும், அதச் சொல்லு."

அப்படியானால் லோரன்ஸ் என்னதான் சொன்னார்? அந்த விஷயம் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் சொன்னது ஒரு குதிரையைப் பற்றி.

பொடியனாக அவர் மலைமேல் ஒரு துரையின் பங்களாவில் மேசைக்குப் பரிமாறுகிறவராக இருந்தார். துரைக்கு ஒரு பெண்குதிரை. நுவரெலியாவில் ஓடி ஜெயித்தது. அதற்கு ஓடுகிற வயது போனதும், குட்டி போடட்டும் என்று பக்கத்துத் தோட்டத்துத் துரைக்குக் கொடுத்துவிட முடிவாயிற்று. அன்றைக்குப் பங்களாவில் விருந்து. துரை அதற்காக ஒரு பிரசங்கம் தயாரித்து, வாரக்கணக்கில் வராந்தாவில் உலாத்திக்கொண்டே ஒப்பித்தார். பின்னால் தட்டோடு நின்ற லோரன்ஸுக்கு அது பரமண்டல மந்திரத்தைவிட நன்றாகப் பாடமாகிவிட்டது. விருந்தில் துரை பிரசங்கத்தைச் சொல்லிமுடித்து அழுதார். துரை அழுது லோரன்ஸ் கண்டது அந்த ஒரு தடவைதான். ஒரு மனிதனை அழவைக்கிற சொற்கள், எங்கே சொன்னாலும் வேலை செய்யும் என்று அவருக்கு அப்போதே பட்டது.

துரை சீமைக்குப் போனார். லோரன்ஸ் கண்டிக்கு இறங்கினார். முதல் கல்யாணத்தில் "ஒனக்குத்தான் இங்கிலீசு தெரியுமே, ரெண்டு வார்த்த சொல்லு" என்று யாரோ தள்ளிவிட்டபோது, அவர் வாயில் வந்தது அதுதான். அவருடைய சொந்த இங்கிலீசு தொப்பிக்கான இங்கிலீசு. 'இது உங்கள் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது', 'மழைக்குத் தாங்கும்', 'அடுத்த வாரம் புதுச் சரக்கு வரும்'. மணமக்களிடம் சொல்லத்தக்க ஒன்றும் அதில் இல்லை. குதிரைப் பிரசங்கமோ பொருந்திவந்தது. குதிரையும் பெண், 'அவள்' என்றே துரை சொன்னார். போகிற இடமும் புது இடம். பெண்சாதி பியட்றிஸ் கேட்டதற்கு, "ஒரு பிஷப்பாண்டவர் சொன்ன பிரசங்கம்" என்று சொல்லிவைத்தார். ஒரு பொய்யைச் சொல்வதானால் மேலிடத்துப் பொய்யாகச் சொல்லவேண்டும் என்பது அவர் கொள்கை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இங்கிலீசு பரவத் தொடங்கிய பிறகுதான் லோரன்ஸுக்குத் தொல்லை தொடங்கிற்று.

உலகமெல்லாம் பரவுகிற பாஷை மஹய்யாவ முனையில் நின்று, 'இங்கே ஏற்கெனவே லோரன்ஸ் இருக்கிறார்' என்று மரியாதையாகத் திரும்பிப் போகவில்லை. கொன்வென்ட் வழியாக வந்தது, ரயில்வே கந்தோர் வழியாக வந்தது, பிறகு பேசும்படம் என்று ஒன்று வந்து வெள்ளைக்காரிகளின் வாயாலேயே பேசிற்று. ஒரு கல்யாணத்தில், 'அவளுடைய பற்களைப் பார்த்தேன்' என்ற இடத்தில், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த புது வாத்தியார் ஒருவர் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார். லோரன்ஸுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. அடுத்த கல்யாணத்திலிருந்து பற்களைக் கழற்றிவிட்டார். இரண்டு வருஷம் கழித்துக் கால்கள் போயின. லாயம் போயிற்று, வைக்கோல் போயிற்று. முப்பத்தைந்தாம் ஆண்டு வாக்கில் குதிரையில் வாலும் பிடரியும்தான் மிச்சம்.

பேச்சியம்மா இதைக் கவனிக்காமல் இல்லை. "இந்த லோரன்சு அண்ணன் முன்ன மாதிரி இல்ல. அளவக் கொறைச்சிருச்சு. பணக்கார வீட்டுக்கு மட்டும் முழுசாச் சொல்லுதோ என்னமோ."

இந்த நிலைமையில்தான் அவருடைய ஒரே மகள் டொரதிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. டொரதி கொன்வென்டில் படித்தவள். இங்கிலீசுப் பேப்பரை வரிக்கு வரி வாசிப்பாள். மாப்பிள்ளை டக்ளஸ் கடுகண்ணாவை ரயில்வே ஸ்டேஷனில் கிளார்க். தகப்பனும் மகளும் கோயில் விருந்தில் இருந்தபோது பார்த்துப் பிடித்துப்போய்த் தானாகப் பெண் கேட்டு வந்தவன். அவனுடைய கூட்டாளிகள் ஒரு ரயில் பெட்டி நிறைய வருவார்களாம். அத்தனை பேரும் இங்கிலீசிலேயே கொட்டாவி விடுகிறவர்கள்.

"நான் சொல்லல்ல," என்றார் லோரன்ஸ் பெண்சாதியிடம். "பொண்ணு தகப்பன் சொல்ற வழக்கம் எங்கயும் இல்ல."

பியட்றிஸ் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள். "ஊரான் வீட்டுப் புள்ளைக்கெல்லாம் தொறந்த வாயி, பெத்த புள்ளைக்கு மட்டும் பூட்டிக்கிருமோ? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, இருளப்பன் கதையாயிருச்சுன்னு பேச்சியம்மாவே தெருத் தெருவாச் சொல்லிட்டு வருவா. புள்ள வாழ்க்கை போகும், பாத்துக்கங்க."

சொன்னால் மாப்பிள்ளைக் கூட்டத்தின் முன்னால் மகள் குதிரையாகிவிடுவாள். அவளுடைய தகப்பன் வாழ்நாள் முழுதும் ஊருக்குக் குதிரையை விற்றவன் என்று கடுகண்ணாவை வரைக்கும் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் மகள் ஆசீர்வாதமில்லாமல் புருஷன் வீட்டுக்குப் போவாள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் இப்படியொரு சிக்கலில் அன்றைக்கு வேறொருவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம், லோரன்ஸ் முதலாளியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சாஹுல் ஹமீது முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நடுவில் நின்றது.

"இரி, இரி. அப்ப எண்ட மகள் றம்லத்துக்குச் சென்னதும் குதிரதானா?"

"ஆமா முதலாளி. அப்ப முழுக் குதிரை. பல்லெல்லாம் இருந்துச்சு."

முதலாளி கொஞ்ச நேரம் முழக்கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவள் நல்லாத்தானே ஈக்கிறாள். மருமகனும் தங்கமான மனிசன். நாலு புள்ள." பிறகு தொண்டையைச் செருமினார். "குதிரண்டா என்ன லோரன்ஸ், அல்லாஹ்ட படைப்புத்தானே. நீ சென்னத்த மாத்தப் போகாத. மாத்தினா எண்ட மகளுக்கு ஏதும் ஆகிப்போகும்."

ஆறுதல் தேடிப்போன இடத்தில் பொறுப்புத்தான் கூடிற்று.

கல்யாணத்தன்று கோயில் மண்டபத்தில் இடமில்லை. வலதுபக்கம் மஹய்யாவ, இடதுபக்கம் ரயில்வே. கேக் வெட்டியாயிற்று. வைன் ஊற்றியாயிற்று. பேச்சியம்மா பக்கத்திலிருந்த பிள்ளையின் வாயைக் கையால் பொத்தினாள். லோரன்ஸ் எழும்பிப் பொத்தானைப் போட்டார். அவருடைய திட்டம் மிகச் சிறியது. வாலையும் பிடரியையும்கூட வெட்டிவிட்டு, 'நீடூழி வாழ்க' என்ற ஒரே வரியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது.

வாயைத் திறக்கும்போது மகளைப் பார்த்துவிட்டார். அதுதான் பிழை. முக்காட்டுக்குள் டொரதி கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் ஊசி போடக் கையை நீட்டும்போது அப்படித்தான் கடிப்பாள்.

துரையின் வராந்தாவிலிருந்து அந்தப் பிரசங்கம் தானாக நடந்து வந்தது. 'அவள் என் வீட்டுக்கு வந்த நாளை மறக்கமாட்டேன். நிற்கத் தெரியாமல் நின்றாள்' என்று இங்கிலீசில் தொடங்கினார். கால்கள் வந்தன. லாயமும் வைக்கோலும் வந்தன. 'அவளுடைய பற்களைப் பார்த்தேன், இதைப்போல் பற்களை எங்கும் கண்டதில்லை என்றேன்' என்று, இத்தனை வருஷமாகக் கழற்றி வைத்திருந்த பற்களும் வந்துவிட்டன. ரயில்வே பக்கத்தில் ஒருவன் குபீரென்று சிரித்து, வைனில் புரையேறினான். இன்னொருவன் மேசைக்கடியில் எதையோ தேடுகிறவன்போல் குனிந்தான். லோரன்ஸுக்குக் கேட்டது. நிறுத்தத்தான் நினைத்தார். ஆனால் அடுத்த வரி வந்துவிட்டது.

'இனி அவள் உன்னுடையவள். கடிவாளத்தை இறுக்காதே, அவள் வாய் மென்மையானது. சவுக்கைக் காட்டாதே, நான் ஒருநாளும் காட்டியதில்லை. பேர் சொல்லிக் கூப்பிடு, வருவாள். இடி இடித்தால் பயப்படுவாள், பக்கத்தில் போய் நின்றால் போதும்.'

டொரதிக்கு இடி என்றால் பயம். எத்தனையோ கல்யாணங்களில் சொல்லியும் இந்த வரி யாரைப் பற்றியது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசி வரியை விழுங்கிவிட்டுக் கிளாஸை உயர்த்தினார். வலதுபக்கம் முழுதும் மூக்கை உறிஞ்சிற்று. இடதுபக்கம் என்ன செய்வதென்று தெரியாமல் மாப்பிள்ளையைப் பார்த்தது.

டக்ளஸ் எழும்பினான். மாப்பிள்ளை பதில் சொல்வது வழக்கம்தான். ஆனால் மஹய்யாவவில் இதுவரை வாய்த்த மாப்பிள்ளைகளுக்கு இங்கிலீசு தெரியாததால், அந்தப் பகுதி நடந்ததே இல்லை.

"மாமாவுக்கு நன்றி," என்று இங்கிலீசில் தொடங்கினான் அவன். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "எனக்குச் சவாரி தெரியாது. அதனால் ஏறி உட்காருகிற எண்ணமும் இல்லை. எங்கள் வீட்டில் கடிவாளம் ஒன்று உண்டு. அது என் வாய்க்காக என் தாயார் வாங்கிவைத்தது. கொள்ளும் தண்ணீரும் வேளைக்கு வரும். கடுகண்ணாவை ஏற்றம் கடுமையானது என்று எல்லாருக்கும் தெரியும். ஏற்றம் வருகிற இடங்களில் நான் இறங்கிக் கூடவே நடப்பேன் என்று இந்தச் சபையின் முன்னால் வாக்குக் கொடுக்கிறேன்."

ரயில்வே பக்கம் மேசையைத் தட்டிற்று. சிரித்தவனே முதலில் தட்டினான். காரியம் என்னவென்று தெரியாவிட்டாலும், மஹய்யாவவும் தட்டிற்று.

லோரன்ஸ் கதிரையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. விளங்கியும் ஒரு தயாரிப்போடு வந்திருக்கிறான். இவ்வளவு சுத்தமான பதிலை அந்த இடத்திலேயே நின்று யோசித்துச் சொல்ல, அவன் ரயில்வே கிளார்க்கா, பாராளுமன்றப் பிரபுவா? மகளைப் பார்த்தார்.

டொரதி குனிந்து, கிளாஸுக்குள் பார்த்தபடியே, தகப்பனுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்: "பல்ல ஏம்பா இவ்வளவு நாளா விட்டுட்டீங்க? அதான நல்ல எடம்."

"ஒனக்கு..." என்றார் லோரன்ஸ். "ஒனக்கு எப்பருந்து தெரியும்?"

"அஞ்சாங் கிளாஸ்லருந்து."

"ஒங்கம்மாவுக்கு?"

"அம்மாவுக்கு அது பிஷப்பாண்டவர் சொன்னது. அப்படியே இருக்கட்டும்."

லோரன்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். அஞ்சாங் கிளாசிலிருந்து இன்றுவரை, ஒவ்வொரு கல்யாணத்திலும் இவள் முன்வரிசையில் வெள்ளைக் கவுன் போட்டு உட்கார்ந்து, பிரசங்கம் முடிந்ததும் எல்லாருக்கும் முந்திக் கை தட்டியிருக்கிறாள்.

பந்திக்கு எழும்பும்போது பேச்சியம்மா வழியை மறித்தாள். முந்தானை நனைந்திருந்தது.

"மாப்பிள்ளையும் இங்கிலீசு சொன்னாரு, குத்தஞ் சொல்லப்படாது. ஆனா அது கந்தோரு இங்கிலீசு. கண்ணுல தண்ணி வரல்ல. கல்யாணத்துக்குன்னா நீங்க சொல்றதுதாண்ணே." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தையில எங்க சீதாவுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. நாங்க ஏழைப்பட்டவங்கன்னு கொறைச்சிராதீங்க. இன்னிக்குச் சொன்ன மாதிரி முழுசாச் சொல்லணும்."

லோரன்ஸ் நடுப் பொத்தானைத் தடவிப் பார்த்தார்.

"முழுசாவே சொல்றேன் தங்கச்சி. ஒரு பல்லு கொறையாது."

"என்ன பல்லு?" என்றாள் பேச்சியம்மா.

"ஒண்ணுமில்ல. சாப்பிடப் போ, பந்தி நெறையுது."