இரண்டு ராஜாக்களும் ஒரு பொத்தானும்

எங்கள் ஸ்டுபெகோபிங் பட்டணத்துக்கு யாராவது சரித்திரம் எழுதினால் அதில் அண்மையில் நடந்த போரும் போடில் கிளாவுஸ்டாட்டரும் அவசியம் இடம்பெற வேண்டும். போரில் நாங்கள் தோற்றோம். போடில் ஜெயித்தாள்.

போடில் வெள்ளி வேலைக்காரர் மதியாஸின் மனைவி. பதினாறு வருடம் அவள் அடித்த கரண்டிகளுக்கு அவர் பெயர் வாங்கினார்; பெயர் வாங்குவதில் அவருக்கு அபாரக் கைத்திறன். அவர் போய்ச் சேர்ந்ததும் தன் பெயரில் கடைப்பலகை மாட்ட நகரசபையிடம் அனுமதி கேட்டாள். கௌரவமான வாடிக்கையாளர் ஒருவர் வந்து வேலையை மெச்சினால் பார்க்கலாம் என்றது சபை. பலகை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. எதிர்க்கடை வெள்ளி வேலைக்காரர் செவரின் மோர்க் தினமும் நலம் விசாரித்தார்: "பலகை காஞ்சிடுச்சா போடில்? விறகுக்கு ஆகும்!"

அப்போதுதான் லௌரிட்ஸ் போர்ஸ் வந்தார். ஊராட்சித் தலைவர். எங்கள் பக்கத்து விவசாயிகள் வெள்ளி நாணயத்தையே மேற்சட்டைப் பொத்தானாகப் போடுவார்கள். வயிற்றில் எத்தனை ராஜாவோ அத்தனை செல்வாக்கு. போர்ஸ் கொண்டுவந்ததோ இரண்டு ரிக்ஸ்டேலர் மதிப்புள்ள ஒற்றை வெள்ளி நாணயம். ஃபிரெடெரிக் மன்னர் காலமாகி கிறிஸ்டியான் பட்டமேறியபோது அடித்தது. ஒரு பக்கம் போனவர், மறுபக்கம் வந்தவர். பொத்தானாக்க வேண்டுமென்றால் பின்பக்கம் நூல் கோக்கும் காது பற்றவைக்க வேண்டும். பின்பக்கம் எது? மோர்க் கையை விரித்துவிட்டார்.

"எந்த ராஜா மூஞ்சியில பத்துப்பொடி வச்சு நெருப்பு ஊதட்டும், சொல்லுங்க," என்றாள் போடில்.

"ரெண்டு பேர் மேலயும் நெருப்பு படக்கூடாது. பெரியவர் நமக்கு அரசியல் சட்டம் குடுத்தவர்."

"சின்னவர்?"

"அவரு உயிரோட இருக்காரும்மா!"

"இது பக்தியா, பயமா?"

"ரெண்டும்தான். எட்டாந்தேதி புது ராஜா பொறந்தநாள் விருந்து. வட்ட அதிகாரி வர்றாரு. அவர் முன்னால சின்னவர் தெரியணும். அவர் கிளம்பினதும் நம்மாளுங்களுக்குப் பெரியவர் தெரியணும். செஞ்சு குடு, சபையில நானே வந்து பேசறேன். சொதப்பினா மோர்க் சொன்ன மாதிரி பலகையை அடுப்புல வை."

நான்கு நாள் போடில் நாணயத்தின் பக்கம் நெருப்பையே காட்டவில்லை. மெல்லிய வெள்ளி வளையம் செய்தாள். அதற்குள் இரண்டு ஊசிமுனையில் நாணயம் சுழன்றது. வளையத்தின் உச்சியில் மட்டும் ஒரு காது. தூக்கு, சுண்டு, ஆட்சி மாறும்.

விருந்தன்று தன் பொத்தானைக் காவல் காக்க அவளும் போனாள். அதிகாரி லோவன்ஃபெல்ட் ராஜ விசுவாசம் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். பன்றி வறுவலோடு வைத்த குதிரைமுள்ளங்கியின் காரம் போர்ஸின் மூக்கில் ஏறியது. ஒரே தும்மல். வயிறு குலுங்கியது, வளையம் துள்ளியது, கிறிஸ்டியான் இருந்த இடத்தில் ஃபிரெடெரிக்.

"என்னய்யா இது?" அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். "இப்பதானே நம்ம மன்னர் இருந்தாரு! எங்க போனாரு?"

"நான் அப்பவே சொன்னேன், பொம்பளை வேலை!" என்றார், விருந்துக்கு வந்திருந்த மோர்க்.

போடில் எழுந்து வந்தாள். "ரெண்டு பேரையும் முதுகோட முதுகா ஒட்டினது அரசாங்க நாணயசாலைங்க. நான் கதவு மட்டும்தான் வச்சேன்." விரலால் சுண்டினாள். "ஒருத்தர் ஓய்வுக்குப் போறாரு, அடுத்தவர் வேலைக்கு வர்றாரு. சிம்மாசனம் ஒரு நொடியாவது காலியா இருந்துச்சா, நீங்களே பாருங்க."

அதிகாரி ஒருமுறை சுண்டிப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை. ஃபிரெடெரிக் தலைகாட்டும்போதெல்லாம் விவசாயிகள் "ஹுர்ரா!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். இவ்வளவு விசுவாசமான வட்டத்தை அதிகாரி தன் உத்தியோகத்தில் கண்டதில்லை, கண் கலங்கிவிட்டது.

"எனக்கும் ஒண்ணு செய்யணும்மா. யார் கடை, பேரென்ன?"

"கடை இருக்குங்க. பேரைத்தான் மாட்ட விடமாட்டேங்கறாங்க."

போர்ஸ் எழுந்தார், மெச்சினார், இன்னொரு முறை தும்மினார். நகரசபைத் தலைவர் அங்கேயே, வாயில் வறுவலோடு, அனுமதி தந்தார்.

மறுநாள் காலை பலகை ஏறியது: போடில் கிளாவுஸ்டாட்டர், வெள்ளி வேலை. தெருவில் உயரமான ஏணி மோர்க்கிடம் மட்டுமே இருந்ததால், அதைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவரே.

"கொஞ்சம் இடப்பக்கம் சாயுதே, போடில்."

"பலகை நேராத்தான் இருக்கு. ஏணியை நேராப் பிடிங்க."