மறைத்து வைத்த எண்

கரண்டியை இடப்பக்கமாகவே சுற்றித் தேநீர் கலக்குகிறார் சுழல் சார். யாராவது வலப்பக்கம் சுற்றினால் முகம் சுளிக்கிறார். எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதும்போது தெறிக்கும் குவார்க்குகள் என்ற நுண்துகள்கள் எந்தப் பக்கம் சுழல்கின்றன என்று பார்ப்பதே அவர் பிழைப்பு. அவை பெரும்பாலும் இடக்கைக்காரர்களாம்.

குவார்க்கை நேரில் பார்க்க முடியாது. அது புகுந்துகொண்ட துகள் உடையும்போது துண்டுகள் ஓடும் திசையை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். “ஆளப் பாக்க முடியாதுங்க. கதவைச் சாத்துற சத்தத்த வெச்சு, உள்ள இருக்கிறவன் கோவமா இருக்கானான்னு சொல்லணும்!” என்பார்.

மோதவிட்ட இயந்திரத்தைக் கழற்றி வெகுகாலம் ஆயிற்று. கூட இருந்தவர்கள் புது இயந்திரங்களைத் தேடிப் போய்விட்டார்கள். நடைக்கோடியில் ஓர் அறை, பழைய தரவுகள், இவர். எதிர் நாற்காலியில் இவருடைய குடை கிடக்கிறது. அது கூட வேலை பார்த்த மூத்தவர், இவர் வாய்க்கு ‘அண்ணன்’, உட்கார்ந்த இடம்.

ஆசை கணக்கை வளைத்துவிடும் என்று இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டாளி ஒருவர் ரகசியமாக ஓர் எண்ணைக் கூட்டி விடையை மறைத்துவிடுவார். வேலை முழுக்க முடிந்தபின் அதைச் சொல்வார். கழித்தால் நிஜ விடை. அந்த எண் அண்ணனிடம் இருக்கிறது. “தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்” என்று பீற்றிக்கொள்வார். ஓய்வுபெற்று வேறு ஊர் போனவர், வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுகிறார்.

“என்ன தம்பி, முடிஞ்சுதா?”

“இன்னும் ஒரு சரிபார்ப்பு பாக்கிண்ணே.”

பிறகு முட்டிவலி, தூக்கம் வராதது, பக்கத்து வீட்டு நாய் என்று பேச்சு நீளும். உண்மையில் வேலை போன மழைக்காலத்திலேயே முடிந்துவிட்டது. சாரின் மனைவி இறந்துபோனபிறகு அந்தத் தொலைபேசியில் கேட்கும் ஒரே குரல் அது. எண்ணைச் சொல்லிவிட்டால் அண்ணன் எதற்குக் கூப்பிடுவார்? அந்தப் பயத்தில் பொய் சொல்லியே வாரங்களை ஓட்டினார்.

போன வெள்ளி அண்ணன் இருமிக்கொண்டே, “நம்பரச் சுமந்துக்கிட்டே போய்ச் சேந்துடப் போறேன்டா” என்றார். அது மனதை அறுத்தது. இந்த வாரம் மணியடித்ததும் சுழல் சார் எடுத்துச் சொல்லிவிட்டார்.

“முடிஞ்சிடுச்சுண்ணே. நம்பரச் சொல்லுங்க.”



“அது வந்து... டக்குனு ஞாபகம் வரல தம்பி. யோசிச்சு வெக்கிறேன். அடுத்த வெள்ளி கூப்பிடறேன்... எடுப்பதானே?”

அண்ணனுக்குப் பொய் சொல்லவே வராது; தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லக்கூடிய எண்ணாயிற்றே!

“எடுக்காம என்னண்ணே? அவசரமே இல்ல.”

தொலைபேசியை வைத்தார். எழுந்து போய், எதிர் நாற்காலியில் கிடந்த குடையை எடுத்து ஆணியில் மாட்டினார்.