டிரை ரூமுக்குள் வந்த சுண்டல்

1. முதுகில் சூடு

எனக்கு முன்கோபம் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். கோபம் வரவேண்டிய இடத்தில் வராமல், நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். பேட்டரி வேலைக்கு வருகிற பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும்.

சீர்காழிப் பக்கம் கலியபெருமாள் என்று ஒரு விவசாயி. ஐப்பசிக் கடைசியில் சம்பாப் பயிருக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். முதுகில் பேட்டரி ஸ்பிரேயர். பாதி வயல் முடிவதற்குள் முதுகு சுட ஆரம்பித்திருக்கிறது. மருந்து கசிகிறதோ என்று கையை விட்டுத் தடவிப் பார்த்திருக்கிறார். ஈரம் இல்லை, சூடுதான். பட்டையை அவிழ்த்து மிஷினை அப்படியே வாய்க்காலில் வீசிவிட்டார். பிறகு எடுத்துப் பார்த்தால் பேட்டரிப் பெட்டியின் மூடி பிளந்து கிடந்தது. உள்ளே இருந்த செல்கள் பூரி மாதிரி உப்பியிருந்தன.

அந்த செல்களைச் செய்தது எங்கள் கம்பெனி. அதே வாரத்தில் இன்னும் இரண்டு பேட்டரிகள் உப்பிப்போய்த் திரும்பி வந்தன. கலியபெருமாளின் பேட்டரியைப் போட்டோவில் பார்த்த அந்த நிமிஷமே காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

2. மிஷினுக்கும் லீவு

தஞ்சாவூர் பைபாஸில் இருந்த அந்தக் கம்பெனிக்கு நான் வருவதற்கு முன்னால், டவுனில் ஒரு பேட்டரிக் கடையில் பல வருஷம் வேலை பார்த்தேன். லாரி பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியே தேய்ந்த கை இது. புதுக் கம்பெனியில் நிலைமை தலைகீழ். அங்கே தண்ணீர்தான் முதல் எதிரி.

ரைஸ் மில்லில் இருந்து நெல் உமி லாரி லாரியாக வரும். அதை எரித்து, கழுவி, சிலிக்கான் பிரித்து, நானோ பொடியாக்கி, செப்புத் தகட்டில் பூசி ரோலாகச் சுற்றுவோம். பொடி எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவுக்கு அதன் பரப்பு கூடும். பரப்பு கூடினால் காற்றிலிருக்கும் ஈரத்தை அவ்வளவுக்கு உறிஞ்சும். ஈரம் புகுந்த ரோலில் செல் செய்தால், உள்ளே ஊற்றுகிற எலக்ட்ரோலைட்டோடு அந்த ஈரம் சேர்ந்து வாயு கிளம்பும். செல் உப்பும். அதனால்தான் டிரை ரூம். காற்றை உலர்த்தித் தள்ளுகிற டீஹியூமிடிஃபயர் ராத்திரி பகல் ஓட வேண்டும். காற்றின் ஈரத்தைக் காட்டுகிற டியூ பாயிண்ட் மைனஸ் நாற்பது டிகிரிக்குக் கீழேயே நிற்க வேண்டும். நம் மூச்சும் வேர்வையும் கூட அங்கே கணக்கு. ஒரு நேரத்தில் நான்கு பேருக்கு மேல் உள்ளே போகக் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. அந்த மிஷினுக்குப் பொறுப்பு நான்.

உள்ளே எலக்ட்ரோலைட் நிரப்புகிற வேலை ரஹ்மத் நிஷாவுக்கு. கூத்தாநல்லூரில் இருந்து பஸ் ஏறி வருவாள். டிப்ளமோ முடித்தவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மூன்று வருஷமாகக் கான்ட்ராக்ட், தை மாதம் பெர்மனென்ட் ஆகவேண்டியவள். அரை மணிக்கு ஒருமுறை ரீடிங் பார்த்து லாக் புக்கில் எழுதுவாள். விட்டுப்போனது என்று ஒரு வரியைக் காட்ட முடியாது.

ஆயுத பூஜை வந்தது. நானும் கும்பிடுகிறவன்தான். கடையில் இருந்த காலத்தில் சார்ஜருக்கும் ஸ்பேனருக்கும் பொட்டு வைத்தவன்தான். ஆனால் எங்கள் எம்.டி.க்கு அந்த வருஷம் பூஜையை டிரை ரூமுக்குள்ளேயே செய்ய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

"கம்பெனிக்கே உயிர் அங்கதான இருக்கு மணி? வாசல்ல நின்னு கும்பிட்டா எப்படி?" என்று என்னிடம் கேட்டார்.

முப்பது பேர் உள்ளே போனார்கள். ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறக்க வேண்டிய ஏர்லாக்கின் இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்து கிடந்தன. மிஷினையெல்லாம் ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குழைத்துப் பூசினார்கள். இருப்பதிலேயே நல்ல ரோலாகப் பார்த்து, கவரைப் பிரித்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து அதன் ஓரத்திலும் ஒரு பொட்டு வைத்தார்கள். கேன்டீனில் இருந்து ஒரு அண்டா சுண்டலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடுப்பில் இருந்து இறக்கின சுண்டல், ஆவி பறக்கிறது. டிரை ரூமுக்குள் ஆவி பறக்கிறது! ஈரம் ஏறினால் எச்சரிக்கிற ஹூட்டர் அலறியது.

"சாமி கும்புடுற நேரத்துல என்னய்யா அது ஊளையிடுது? நிறுத்தித் தொலை" என்றார் எம்.டி.

மியூட் பட்டனை அமுக்கினேன்.

ரஹ்மத் மட்டும் சுவரோரம் தொப்பியும் மாஸ்க்குமாக நின்று, மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். என்னிடம் வந்து லாக் புக்கை நீட்டினாள். "சார், மியூட் பண்ணுனது நீங்கதான்னு ஒரு கையெழுத்துப் போட்டுருங்க." அவள் எழுதியிருந்த எண்ணைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் கூடத் தப்பித்திருக்கலாம். தீபாராதனை முடிந்ததும் எம்.டி. சொன்னார்: "இன்னைக்கு எந்த மிஷினும் ஓடக்கூடாது. மிஷினுக்கும் லீவுதான். மணி, அந்த டீஹியூவையும் நிறுத்திடு. நாளைக்கு மறுபூஜை போட்டுட்டு எல்லாத்தையும் எடுத்துக்கலாம்."

பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது, அது நம் வழக்கம். கத்தி, மண்வெட்டி, புத்தகம் என்றால் ஒருநாள் கிடப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. கவர் பிரித்த நானோ சிலிக்கான் ரோல், மழைக்காலத்தில், டீஹியூ ஓடாத அறையில் ஒருநாள் முழுக்கக் கிடந்தது. எனக்கு அது தெரியாதா? தலையாட்டி பொம்மை மாதிரி தலையை ஆட்டிவிட்டு சுவிட்சை நிறுத்தினேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் அந்த ரோலிலேயே புரொடக்‌ஷன் தொடங்க வேண்டும் என்றார் எம்.டி.

"சார், இத வாக்குவம் ஓவன்ல வச்சு ஈரத்த எடுத்துட்டுப் போடலாம் சார். ஒருநாள் தொறந்து கெடந்திருக்கு" என்றாள் ரஹ்மத்.

"சாமிகிட்ட இருந்து எடுத்தத ஓவன்ல வைக்கச் சொல்றியாம்மா? ஓட்டு, ஓட்டு. சம்பா சீசனுக்குள்ள ஆர்டர் போகணும்."

ஓட்டினார்கள். "ரோல் உலர்த்தப்படவில்லை" என்று அவள் அதையும் லாக் புக்கில் எழுதி வைத்தாள்.

3. ரூட் காஸ்

உப்பின செல்கள் வந்த அன்று மீட்டிங். எங்களிடம் பேட்டரி வாங்குகிற ஸ்பிரேயர் கம்பெனி அறிக்கை கேட்டிருந்தது. அதில் ரூட் காஸ், அதாவது மூல காரணம் என்று ஒரு கட்டம், அதை நிரப்பியாக வேண்டும்.

எம்.டி. ஒரு பத்து விநாடி கூட யோசிக்கவில்லை. "புகார் வந்த மூணும் காலை ஷிஃப்ட்ல அந்தப் பொண்ணு நிரப்புனது. சாமான் தள்ளுற பாஸ் பாக்ஸ் கதவ மூடாம விட்டுட்டான்னு போடுங்க. ஆபரேட்டர் தப்பு. அவ நிரப்புனத மட்டும் திரும்ப வாங்கிக்கலாம். கான்ட்ராக்ட்தான, பெரிசா ஒண்ணும் ஆவாது."

ரஹ்மத்தைக் கூப்பிட்டு விசாரணை முடிகிற வரைக்கும் வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

"நான் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன் சார். புக்க எடுத்துப் பாருங்க" என்றாள். சொல்லும்போது எம்.டி.யைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

புக்கை எடுத்தார்கள். அந்த இரண்டு நாள் பக்கங்கள் இல்லை. கிழித்த இடத்தில் பிசிறு மட்டும் இருந்தது. "பாத்தீங்களா, ரீடிங்கே எடுக்கல" என்றார் எம்.டி. என் கையெழுத்து இருந்த பக்கம் அது. அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டீக் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதற்கு மேல் பூசி மெழுக எனக்கு இஷ்டமில்லை.

மூன்று நாள் வேலைக்குப் போனேன், வந்தேன். அவள் இடத்தில் வேறொருவனை நிறுத்தியிருந்தார்கள். அவன் ஒருநாள் முழு ரீடிங்கையும் காலையிலேயே எழுதி முடித்துவிடுவான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

4. கலியபெருமாள் வந்தார்

நான்காம் நாள் காலையில் கலியபெருமாளே நேரில் வந்துவிட்டார். உரச் சாக்கில் சுற்றி அந்தப் பேட்டரியைக் கொண்டுவந்திருந்தார். அந்த நேரம் ரிசப்ஷனில் நான்தான் இருந்தேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

"நான் உக்கார வல்லீங்க. இதச் செஞ்சது யாரு?"

"செஞ்ச ஆபரேட்டர வேலைய விட்டு நிறுத்தியாச்சுங்க" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

"யாரு அது?"

"ஒரு லேடி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு பொம்பளைய வீட்டுக்கு அனுப்புனா இது சரியாப்போயிருமா? இது எம் முதுகுல இருந்துச்சுங்க. எங்க தெருவுல இன்னும் ரெண்டு பேரு இதே மிஷினத்தான் கட்டிக்கிட்டு அடிக்கிறான். போடாதீங்கடான்னு சொன்னேன். கம்பெனி ஒண்ணும் சொல்லலியேங்கிறான். அவன் முதுகுல இருக்கறது நல்லதா கெட்டதா? அதச் சொல்லுங்க மொதல்ல."

பெட்டிகளின் நம்பர் தெரியுமா என்று கேட்டேன். தெருக்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னார். நம்பரிலேயே தெரிந்தது, இரண்டும் பூஜையில் வைத்த அதே ரோல். மதிய ஷிஃப்டில் நிரப்பியவை. எம்.டி. திரும்ப வாங்குகிற கணக்கில் அவை கிடையாது.

அப்போதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. இவ்வளவு நேரம் எங்கே போயிருந்ததோ தெரியாது. "உப்பியிருந்தாலும் உப்பாம இருந்தாலும் கழட்டி வெயில் படாம வெளிய வைக்கச் சொல்லுங்க. யாரும் கட்டக் கூடாது. நான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நேரே யுடிலிட்டி ரூமுக்குப் போனேன்.

லாக் புக்கைக் கிழிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியாது. டீஹியூ நின்றாலும் அதன் சென்சார் யு.பி.எஸ்.ஸில் ஓடும். ரீடிங் எல்லாம் கன்ட்ரோலர் மெமரியில் பதிந்திருக்கும். அதன் பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தான் தெரியும். பிரிண்ட் எடுத்தேன். பூஜை நேரத்தில் கிராஃபின் கோடு செங்குத்தாக ஏறி, மறுநாள் வரைக்கும் இறங்கவே இல்லை. ஹூட்டர் மியூட் ஆன நேரமும், மிஷின் நின்ற நேரமும் அச்சாக அதில் இருந்தன.

அன்று மத்தியானம் ஸ்பிரேயர் கம்பெனி ஆபீசர் வந்திருந்தார். அறிக்கையில் நானும் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால் என்னையும் கூப்பிட்டார்கள். ரூட் காஸ் கட்டத்தில் ரஹ்மத்தின் பெயர் அழகாக டைப் ஆகியிருந்தது. அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். கிராஃபை மேஜையில் விரித்தேன்.

எம்.டி. முகத்தில் ஈயாடவில்லை. "என்ன மணி இது? சாமி கும்பிட்டதாலதான் செல் உப்புச்சுன்னு சொல்றியா?"

"சாமி டீஹியூவ நிறுத்தச் சொல்லல சார். நீங்க சொன்னீங்க. நிறுத்துனது நான். அந்தப் பொண்ணு ஓவன்ல வைக்கலாம்னு சொன்னா. வேணாம்னது நீங்க. பக்கத்தக் கிழிச்சது யாருன்னு எனக்குத் தெரியாது. அதுல இருந்தது என் கையெழுத்து."

ஆபீசர் கிராஃபை இரண்டு முறை பார்த்தார். "இந்த ரோல்ல போன அத்தனையும் திரும்ப வரணும். இன்னைக்கே போன் போடுங்க" என்றார். சாயங்காலத்துக்குள் டீலர்கள் எல்லோருக்கும் தகவல் போய்விட்டது. கலியபெருமாளுக்கு நானே போன் செய்து சொன்னேன். "அந்தப் புள்ளைய வேலைக்குக் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தார்.

5. கையெழுத்து

எனக்கு மெமோ வந்தது. வந்துவிட்டுப் போகட்டும். டீஹியூவை ஓட்ட வேறு ஆள் இல்லாததால் வீட்டுக்கு அனுப்பவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ரஹ்மத் வேலைக்கு வந்தாள். உடை மாற்றும் அறை வாசலில் நான் நின்றேன். ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். வெட்கக்கேடு, நிஜமாகவே எதிர்பார்த்தேன்.

தொப்பியைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "அந்த மியூட் பட்டன அமுக்க எவ்வளவு நேரம் சார் ஆச்சு உங்களுக்கு?"

"ஒரு செகண்டு."

"வாயத் தொறக்க நாலு நாளு." குரலை உயர்த்தவில்லை. "நாலு நாளும் எம் புள்ளைங்க, 'ஏம்மா வேலைக்குப் போவல, நீ தப்புப் பண்ணிட்டியா'ன்னு கேட்டுச்சுங்க சார். நான் என்ன சொல்றது?"

தொப்பியைக் கட்டி முடித்து உள்ளே போனாள்.

வேலைக்கு வருகிற பிள்ளைகளே, ஹூட்டர் அடித்தால் என்னவென்று பாருங்கள். அதை நிறுத்தச் சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. நிறுத்தியே தீர வேண்டும் என்றால், நிறுத்தினேன் என்று அன்றைக்கே சொல்லுங்கள். நான்கு நாள் கழித்துச் சொன்ன உண்மையை வைத்துக்கொண்டு நான் யோக்கியன் என்று பேர் வாங்கினேன். அந்தப் பேர் எனக்கு வேண்டாம்.

அன்று அரை மணி கழித்து ரஹ்மத் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீட்டரைப் பார்த்து எழுதினாள். புது லாக் புக், பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அச்சடித்தது. பாஸ் பாக்ஸ் வழியாக அதை என் பக்கம் தள்ளினாள். வழக்கம்போல் பேனாவைத் திறந்தேன். அவள் கண்ணாடியைத் தட்டினாள். இன்டர்காமில் குரல் வந்தது.

"படிச்சுட்டுப் போடுங்க சார்."

"மைனஸ் நாற்பத்திரண்டு" என்று வாய்விட்டுப் படித்தேன்.

"இப்பப் போடுங்க."