ஏழு தரம் கழுவிய முகம்

பன்றி நனைந்தால் எப்படி மணக்கும் என்று பக்கத்து வீட்டு ஹப்ஸாவுக்கு யார் சொன்னது? நோயாளியின் முகத்தில் ஹராமானதைத் தேய்த்துவிட்டு ஓடிப்போனான் என்று என் மருமகன் ஷரிபுதீனைத் தெரு முழுக்கக் கதைக்கிறார்கள். கதைக்கட்டும். என் மனிசனை அவன் பார்த்த எட்டு மாதமும் அந்த வீட்டுக்குள் இருந்தவள் நான்.

என் மனிசன் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இழுத்து விழுந்த பிறகு, வாயோரம் கஞ்சி ஒழுகித் தாடிக்குள் புண் வந்தது. வழித்துவிடச் சொன்னார் டொக்டர். பெற்ற மகள் றுஸ்னாவுக்குப் பிளேடைப் பிடிக்கப் பயம். அவள் புருஷன் ஷரிபுதீன்தான் இரண்டு நாளைக்கு ஒருமுறை சேவ் எடுத்துவிட்டான்.

முதலில் வாங்கிய மலிவு பிரஷின் நைலோன் மயிர் புண்ணில் குத்தியது. கல்முனைக் கடையில் விலை கூடியதையும் எடுத்துக் காட்டினார்களாம். தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்திருக்கிறான். பஞ்சு மாதிரி இருக்கிறது, மாமாவின் முள்ளு மயிரை இது நிமிர்த்தாது என்று வைத்துவிட்டு, தொள்ளாயிரம் ரூபாய்க்கு நடுவிலைப் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்தான்.

“குதிரை மயிர் மாமி. கேட்டுத்தான் எடுத்த நான்.”

இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைப்பான், பிழிவான், சிரட்டையில் சுற்றிச் சுற்றி நுரை எடுப்பான். முடிந்ததும் அலசி உதறி, மயிர் கீழே பார்க்க ஜன்னல் ஆணியில் தொங்கவிடுவான். சூட்டு நுரை கன்னத்தில் பட்டதும் என் மனிசன் கண்ணை மூடிக்கொள்வார். அவருக்கு மிஞ்சியிருந்த சுகம் அது ஒன்றுதான்.

புது மயிர், நனைந்தால் மணக்கத்தான் செய்தது. அன்றைக்கு ஒரு கன்னம் வழித்து முடிந்த நேரம் ஹப்ஸா வந்து மூக்கைப் பொத்தினாள்.

“என்னகா றுஸ்னா, பண்டி மயிரா இது? இதையா வாப்பாட முகத்தில பூசுறீங்க?”

றுஸ்னா பிரஷ் வந்த பெட்டியை எடுத்து வாசித்தாள். என்ன மயிர் என்று அதில் ஒன்றும் இல்லையாம்.

“கடைக்குப் போய்க் கேட்டு வாறன் றுஸ்னா. லுஹர் தொழுகைக்கு முதல் வந்திருவன்.”

“நீங்க வாற மட்டும் வாப்பா இந்த அசுத்தத்தோட, நஜீஸோட கிடக்கிறதா? இது எங்க உம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. உங்கட வீடில்ல!”

பிரஷைப் பிடுங்கி, ஊத்தைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் எறிந்தாள்.

எங்கள் மார்க்கத்தில் பன்றி பட்ட இடத்தை ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். ஷரிபுதீன் என்னைப் பார்த்தான்.

“மாமி, நீங்களாவது சொல்லுங்க. அறிஞ்சு நான் மாமாக்கு அப்பிடிச் செய்வனா?”

செய்யமாட்டான். எனக்குத் தெரியும். ஆனால் ஹப்ஸா வாசலில் நின்றாள். நான் முற்றத்துக்கு இறங்கிப் போனேன். ஹப்ஸாவைச் சொல்லி என்ன, மண் அள்ளிக் கொடுத்தது இந்தக் கைதான்.

மண் தண்ணீர் புண்ணில் பட்டு என் மனிசன் முனகினார். ஏழு தரமும் அவர் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தவன் ஷரிபுதீன். பிறகு துவாயால் ஒற்றிவிட்டான்.

“இப்ப உங்கட கையையும் கழுவுங்க” என்றாள் றுஸ்னா.

அவன் கழுவவில்லை. கானில் கிடந்த பிரஷை எடுத்து அலசினான், உதறினான், மயிர் கீழே பார்க்க ஆணியில் தொங்கவிட்டான். செருப்பை மாட்டினான். பாதி வழித்த முகத்தோடு கிடந்த என் மனிசன், அசைகிற இடது கையை வாசல் பக்கம் நீட்டினார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.