மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் ஒரு மணி நேரம்

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் காலைக் காபி போடுவது என் கணவர்தான். எனக்குத் தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தபோது அதுவும் அந்தக் காபியோடு சேர்ந்துகொண்டது. ஒரு கையில் டம்ளரும் இன்னொரு கையில் மாத்திரையுமாகக் கட்டிலருகே வந்து நிற்பார். காபியோடேயே விழுங்கிவிடுவேன். டிபன் முடிந்ததும் எலும்புக்காகக் கால்சியம் மாத்திரை.

ஒரு நாள் கூட விட்டதில்லை. ஆனாலும் உடம்பு தேறவில்லை. சீப்பில் முடி கொத்தாக வந்தது. வெயில் காலத்திலும் ஃபேனைக் குறைக்கச் சொல்வேன். வகுப்பில் பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும்போதே கண் சொருகும். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அப்போதும் ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். எண் இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம் பள்ளி விட்டு, பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண் விழித்தால் நான் இறங்க வேண்டிய தாம்பரம் எப்போதோ போய், வண்டி கூடுவாஞ்சேரியில் நிற்கிறது. பதறி இறங்கி அவருக்குப் போன் செய்தேன்.

"கூடுவாஞ்சேரியா? அங்க என்ன வேலை?"

"தூங்கிட்டேங்க." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"சரி, அங்கயே உட்காரு. நான் வரேன்."

எதிர் ரயிலைப் பிடித்து நானே வந்திருக்கலாம். அது அவருக்கும் தெரியும். ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு, அந்தச் சித்திரைப் புழுக்கத்தில் என் ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

மறுநாள் இருவருமாக டாக்டரிடம் போனோம். ரயிலில் தூங்கிய கதையைக் கேட்டதும் அவர் ரிப்போர்ட்டைக் கீழே வைத்தார்.

"மாத்திரைய எதோட போடுறீங்க?"

"காபியோட."

"அதான். காபி, மாத்திரைய உடம்புல சரியா சேர விடாது. வெறும் வயித்துல தண்ணியோட போடுங்க. ஒரு மணி நேரம் வேற எதுவும் வேணாம். கால்சியமும் அப்படித்தான், நாலு மணி நேரமாவது தள்ளணும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வெச்சுக்கோங்க."

ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கிளம்பினோம். கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி நின்றபோது என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"என் காபியா உன்ன இப்படிப் படுத்திச்சு?"

"கால்சியமும்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் தண்ணீரும் மாத்திரையும் வந்தன. அடுப்பை அவர் பற்ற வைக்கவே இல்லை.

"நீங்க குடிங்களேன்."

"நீ பார்த்துக்கிட்டு இருப்ப, நான் மட்டும் குடிக்கணுமா? எழுந்திரு, ஒரு நடை போயிட்டு வரலாம்."

மாடம்பாக்கம் கோயில் வரை நடந்தோம். வீட்டில் அதிகம் பேசாத மனிதர், ரோட்டில் இறங்கியதும் பேச ஆரம்பித்தார். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுக் காபியை வாயில் வைக்க முடியவில்லையாம். கல்யாணமானால் காபியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதென்று அன்றைக்கே முடிவு செய்தாராம். இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறார்! நடு ரோட்டில் நின்று சிரித்தேன்.

அடுத்த பரிசோதனையில் எண் இறங்கியிருந்தது. கூட்டிய அளவை டாக்டர் குறைத்தார். முடி கொட்டுவதும் மெல்ல நின்றது. நாங்கள் நடப்பதை நிறுத்தவில்லை. மழை பெய்தால் மட்டும் கீழே வண்டி நிறுத்தும் இடத்திலேயே நின்று, அந்த ஒரு மணி நேரமும் பேசிக்கொண்டிருப்போம்.