புயல் போன பிறகு வருகிற ஆள்

புயல் கரையைக் கடந்ததும் டிவிக்காரர்களுக்கு வேலை முடிந்துவிடும். எங்களுக்கு அப்போதுதான் ஆரம்பம். நான் இன்சூரன்ஸ் சர்வேயர். நிலம் அளக்கிறவன் இல்லை; சேதம் புயலால் வந்ததா, வேறு எதனாலாவது வந்ததா என்று பார்த்துச் சொல்கிறவன். காஞ்சிபுரத்துக்குக் கடல் தள்ளித்தான் இருக்கிறது. காற்றும் மழையும் அதைக் கேட்டுக்கொண்டா வருகின்றன? கிளைம் போட்டு நொந்துபோன புண்ணியவான்களே, நொந்தது நீங்கள் மட்டுமில்லை.

சுத்தமான பட்டு

சின்ன காஞ்சிபுரத்தில் மல்லிகா என்பவர் சொந்தத் தறி வைத்திருக்கிறார். தறிக்குழியில் வெள்ளம் புகுந்து, பாதி நெய்த முகூர்த்தப் புடவை வீணாகிவிட்டது என்று கிளைம். போய்ப் பார்த்தேன். சாயம் கலந்து புடவை பாழாகியிருந்தது உண்மை. ஆனால் ஒரு பொட்டுச் சேறு இல்லை. தெருவெல்லாம் சாக்கடைத் தண்ணீர் ஓடியிருக்கிறது, இந்த வீட்டுக்குள் மட்டும் பன்னீரா வந்தது? குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"சேறு எங்கேம்மா?"

"தறியிலருந்து புடவையை அறுத்து எடுத்து அலசிட்டேன் சார். அப்படியே உட்டா பட்டு அழுகிடும்ல?"

நம்பவில்லை. குழிக்குள் இறங்கி, நெய்கிறவர் கால் வைக்கும் மிதிகட்டைக்கு அடியில் கையை விட்டேன். முழங்கை வரை கறுப்புச் சேறு. சாக்கடை நாற்றம் வேறு. அவரே சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து என் கையில் ஊற்றினார். "வெள்ளம்தாம்மா, எழுதிடறேன்" என்றேன். அவர் முகம் மலரவில்லை.

"அடுத்த புயலுக்கு எதையும் தொட மாட்டேன் சார். நீங்க வர்ற வரைக்கும் அப்படியே நாறட்டும்."

ஸ்பேனர் காற்று

ஒரு குடோனில் கூரைத் தகரம் பாதி பறந்துவிட்டதாம். காற்று பிய்த்தெறிந்தால் போல்ட் ஓட்டை கிழிந்து இழுபட்டிருக்கும். கீழே கிடந்த தகரங்களில் எல்லா ஓட்டைகளும் வட்டமாக, அழகாக இருந்தன. போல்ட்டுகள் மூலையில் ஒரு பெயின்ட் டப்பாவில் இருந்தன. "காற்று ஸ்பேனர் எடுத்துவந்து கழற்றியதா?" என்று கேட்டேன். குடோன்காரர் அசரவில்லை. எனக்கு டீ சொல்லிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"யாரு கழட்டுனா இன்னா சார், மழை உள்ள வந்தது நெஜம்தானே?"

முன்பக்கம், பக்கவாட்டு

திருப்பருத்திக்குன்றத்தில் அப்பாண்டைராஜ் என்ற விவசாயியின் மாட்டுக் கொட்டகை சாய்ந்துவிட்டது. சந்தேகமே வேண்டாத கேஸ். ஆனால் அவர் கேட்டைத் திறக்கவில்லை. அடையாள அட்டையைக் கம்பி வழியாக வாங்கிப் பார்த்தார். ஆபீசுக்குப் போன் போட்டார். என்னை முன்பக்கம் ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அப்புறம்தான் பூட்டைத் திறந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. திருடனைப் போலப் பார்க்கிறீர்களே என்றேன்.

"போன வாரம் இதே மாதிரி பை மாட்டிக்கினு ஒருத்தர் வந்தாரு. இன்சூரன்ஸுன்னுதான் சொன்னாரு. அவரு போன அப்புறம் மோட்டாரைக் காணோம்பா."

எங்கள் வீட்டுச் சுவர்

அதே புயலில் வேப்பமரம் விழுந்து எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரும் போயிற்று. வேலூரிலிருந்து ஓர் இளம் சர்வேயர் வந்தார். அடிமரத்தில் ரம்பம் பட்டிருக்கிறதா என்று தடவினார். உடைந்த செங்கல்லை முகர்ந்து பார்த்தார். எதற்கென்று எனக்கே புரியவில்லை. பழைய விரிசலா என்று கேட்டார். இல்லை என்றேன். பக்கத்து வீட்டுக்குப் போய் அதையே விசாரித்துவிட்டு வந்தார். பொறுக்க முடியாமல், "தம்பி, நானும் இதே தொழில்தான்" என்றேன். உடனே கேமராவை மறுபடி வெளியே எடுத்தார்.

"அதான் சார் பயமா இருக்குது. எப்படிப் பண்ணா மாட்டிக்க மாட்டோம்னு உங்களுக்குத்தானே தெரியும்!"

என் தொழிலில் யாரையும் நம்பக் கூடாதுதான்; அந்த 'யாரையும்' என்பதில் நானும் அடக்கம் என்பதுதான் இத்தனை காலமும் எனக்குத் தோன்றாமல் போயிற்று.