அவள் தாங்குவாள் என்று நான் சொன்னேன்

மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை. எங்கள் ஊர் மாசாயில், கடை வரிசையின் மாடியில் இருந்த ஒரு பல் கிளினிக். என் மனைவியின் கடைவாய்ப்பல் ஒரு வாரமாக அவளைத் தூங்கவிடவில்லை. எனக்கோ இரண்டு மணிக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட். உட்கார்ந்திருக்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும் ஆள் நான்.

டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண். ஊசி போடும் இடத்தில் முதலில் மரத்துப்போகும் களிம்பு தடவுவேன், இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும், அப்புறம் மருந்தை மெள்ள ஏற்றினால் வலி அவ்வளவாகத் தெரியாது, தடவட்டுமா என்று கேட்டார். கேட்டது என் மனைவியிடம்தான். அவளுக்கு மலாய் என்னைவிட நன்றாக வரும். அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"தா பாயா, டாக்டர். டியா போலே தாஹான்."

வேண்டாம், அவள் தாங்குவாள். மூன்று பிள்ளை பெற்றவளுக்கு ஊசியெல்லாம் ஒரு பொருட்டா என்று சிரிக்கவும் செய்தேன். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

ஊசி இறங்கியபோது அவள் கால்விரல்கள் மடங்கின. கண்ணோரத்தில் கசிந்தது காதை நோக்கி ஓடியது. நான் மணி பார்த்தேன்.

காரில் எப்படி இருந்தது என்று கேட்டேன். கோணிய வாயோடு "போலே தாஹான்" என்றாள். எங்கள் ஊரில் ருசியான நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுக்கும் அதையேதான் சொல்வோம். பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு என்று அர்த்தம். எனக்கு வசதியான அர்த்தத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் என் பல்லுக்கு வந்தது. அதே டாக்டர். எனக்காக அவசரப்பட அங்கே யாரும் இல்லை. களிம்பு தடவினார், காத்திருந்தார், கன்னத்தை இரு விரலால் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே மருந்தை ஏற்றினார். முடிந்தது என்றார். எப்போது தொடங்கினார் என்றே தெரியவில்லை. வாய் மரத்துக் கிடக்க, உள்ளே வேறெங்கோ வலிக்க ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்து, களிம்பு போட்டால் வலியே இல்லை என்று ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவன்போல் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியுமே. அன்னிக்கே சொன்னாங்கள்ல, நீங்கதான் வேணான்னுட்டீங்க."

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. அப்போதுதான் கவனித்தேன், அவள் கன்னத்தில் கிராம்பை அடக்கியிருந்தாள். மறுபக்கத்துப் பல் எட்டு மாதமாக வலிக்கிறதாம். ஊசிக்குப் பயந்து சொல்லவில்லையாம். நான் கெஞ்சி அழைத்துப் போவதற்குள் அந்தப் பல்லைக் காப்பாற்ற வழியில்லாமல் போய்விட்டது. பிடுங்கினார்கள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே டாக்டர் கேட்பதும், அவள் நிதானமாக, நீளமாகப் பதில் சொல்வதும் கேட்டது.

இன்றும் யாராவது அவளிடம் எதையாவது கேட்டால் என் வாய்தான் முதலில் திறக்கிறது. மூடிக்கொள்ள இந்த வயதில் பழகிக்கொண்டிருக்கிறேன், அதற்கு விலையாகப் போனது என் பல் அல்ல என்ற உறுத்தலோடு.